பல் அவசரம்: எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை இரவில் பல்வலி வந்தால் சிங்கப்பூரில் எங்கே போவது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். 24 மணி நேரக் கிளினிக்குக்குப் போகச் சொல்வார் ஒருவர். நேரே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடச் சொல்வார் இன்னொருவர். பனடோல் போட்டுக்கொண்டு படுத்தால் திங்கட்கிழமை பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பார்த்துக்கொள்ளலாம் என்பார் மூன்றாமவர். மூன்றும் சில நேரங்களில் சரியான ஆலோசனைதான். எந்த நேரத்தில் எது சரி என்பதில்தான் குழப்பம்.

குழப்பத்தின் வேர் ஒன்றே. எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு அவசரம் என்று நாம் கணக்குப் போடுகிறோம். பல் விஷயத்தில் இந்தக் கணக்கு அடிக்கடி பொய்த்துவிடும். சுவரில் முட்டிக்கொள்ளத் தோன்றும் அளவுக்கு வலிக்கும் பல், பெரும்பாலும் காலைவரை காத்திருக்கக்கூடியது. தாடைக்குக் கீழே பரவும் வீக்கம் அதிகம் வலிக்காமலும் இருக்கலாம். அதைக் காலைவரை விடவே கூடாது. விளையாடும்போது வேரோடு தெறித்து விழுந்த முன்பல்லால் பிள்ளைக்கு ஏற்படும் வலி, நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் எல்லாவற்றிலும் கால அவகாசம் குறைவானது அதற்குத்தான்.

எனவே கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு வலிக்கிறது?" என்பதல்ல. "எது செத்துக்கொண்டிருக்கிறது, அது சாக எவ்வளவு நேரம் ஆகும்?" என்பதே கேள்வி. அதற்குப் பல்லின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பல்லில் உயிருள்ள பாகங்கள் எவை?

வெளியே தெரியும் வெள்ளை ஓட்டுக்கு எனாமல் என்று பெயர். மனித உடலில் மிகக் கடினமான பொருள் இதுதான். இதில் உயிரணுக்கள் இல்லை என்பதால் உடைந்த எனாமல் திரும்ப வளராது. அதற்குள்ளே மஞ்சள் சாயலுள்ள டென்டின் அடுக்கு. கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் நிறைந்தது. ஐஸ் தண்ணீர் பட்டதும் கூசுவது இதன் வழியாகத்தான். எல்லாவற்றுக்கும் நடுவில் பற்கூழ் இருக்கிறது. நரம்பும் இரத்தக் குழாய்களும் சேர்ந்த மென்மையான திசு அது. அதற்கு வேண்டிய இரத்தம் முழுவதும் வேரின் நுனியிலுள்ள ஊசித்துளை போன்ற வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

நான்காவதாக ஒரு பாகம் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பல் தாடையெலும்பில் நேரடியாக ஒட்டியிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே, கால் மில்லிமீட்டர்கூட வராத மெல்லிய இணைப்புத் திசு பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. பல் பிடுங்கிக்கொண்டு விழும்போது இந்தத் திசு கிழிந்து, பாதி வேரோடும் பாதி எலும்புக்குழியோடும் தங்கிவிடும்.

இந்த இரண்டு திசுக்களில் எது சாகிறது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பற்கூழ் செத்தாலும் பல்லைக் காப்பாற்றலாம். உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை, அதாவது ரூட் கனால், அதற்காகத்தான். வேரின் மேலுள்ள இணைப்புத் திசு செத்துவிட்டால் அதற்கு மாற்று இல்லை. எலும்பு வேரோடு நேரே ஒட்டிக்கொண்டு, ஆண்டுகள் போகப் போக அந்த வேரையே அரித்து எலும்பாக மாற்றிவிடும். வளரும் பிள்ளைகளில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

மூன்று வகை அவகாசம்

1. நிமிடக் கணக்கு: வேரோடு விழுந்த நிரந்தரப் பல், மூச்சையோ விழுங்குவதையோ தடுக்கும் வீக்கம், அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம், தாடை முறிவு, தலையில் அடியோடு வந்த பல் காயம்.

2. மணிக் கணக்கு: இடம் விலகிய அல்லது உள்ளே இறங்கிப்போன பல், உள்ளே சிவப்புப் புள்ளி தெரியும்படி உடைந்த பல், காய்ச்சல் இல்லாமல் கன்னத்தில் வந்த வீக்கம்.

3. நாள் கணக்கு: வீக்கமில்லாத பல்வலி, கழன்று விழுந்த பல் உறை (கிரவுன்), சிறிய சில்லு பெயர்ந்த பல், குத்தும் பல் கம்பி.

கடுமையான பல்வலி மூன்றாவது வரிசையில் இருப்பதைப் பார்த்துச் சிலருக்குக் கோபம் வரலாம். இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருப்பவருக்கு இது அவசரம்தான், மறுக்கவில்லை. ஆனால் சில மணி நேரத் தாமதத்தால் அந்தப் பல்லின் கதி பெரும்பாலும் மாறாது.

வேரோடு விழுந்த பல்: முதல் ஒரு மணி நேரம்

கீழ்த்தளத்தில் பந்து விளையாடும் பையன், படிக்கட்டில் தடுக்கி விழும் சிறுமி, சைக்கிளிலிருந்து விழும் பெரியவர், யாராக இருந்தாலும் முறை ஒன்றுதான். பல் காயங்களுக்கான அனைத்துலக மருத்துவச் சங்கம் 2020-ல் புதுப்பித்த வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது.

1. முதலில் பிள்ளையைப் பாருங்கள், பிறகு பல்லைத் தேடுங்கள். மயக்கம், வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தால் பல்லைப் பற்றிய கவலை இரண்டாம்பட்சம். நேரே மருத்துவமனைதான்.

2. விழுந்தது பால்பல்லா, நிரந்தரப் பல்லா என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்பற்கள் மாறுவது பெரும்பாலும் 6 வயதுக்கும் 8 வயதுக்கும் இடையில். பால்பல் சிறியது, பால்போல் வெளுத்தது. புதிதாக முளைத்த நிரந்தர முன்பல் பெரியது, சற்று மஞ்சளானது. அதன் விளிம்பு ரம்பம்போல் மூன்று மேடுகளோடு இருக்கும். பால்பல்லைத் திரும்பப் பொருத்தவே கூடாது. அதன் வேருக்கு அருகில் எலும்புக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல் கெட்டுவிடலாம்.

3. நிரந்தரப் பல் என்றால், வாயில் வெள்ளையாகத் தெரியும் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரில் விரல் படக் கூடாது.

4. அழுக்காக இருந்தால் பாலிலோ உப்புநீர்க் கரைசலிலோ சில விநாடிகள் மென்மையாக அலசுங்கள். எதுவும் இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரில் ஒரு நொடி அலசி எடுத்துவிடலாம். தேய்க்கக் கூடாது, சோப்பு போடக் கூடாது, துணியால் துடைக்கக் கூடாது.

5. அடிபட்டவர் நினைவோடு ஒத்துழைத்தால், பல்லை அங்கேயே அதன் குழியில் திரும்பச் செருகுங்கள். வழவழப்பான வளைந்த பக்கம் உதட்டைப் பார்த்து இருக்க வேண்டும். பக்கத்துப் பல்லின் உயரத்துக்கு வந்ததும், மடித்த கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

6. செருக முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

ஐந்தாவது படியைப் படித்ததும் பலருக்குக் கை நடுங்கும். மருத்துவர் செய்ய வேண்டியதை நாம் எப்படிச் செய்வது என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் வெளியில் காய்ந்து கிடக்கும் பல்லின் இணைப்புத் திசு சுமார் 60 நிமிடங்களில் முழுதும் செத்துவிடுகிறது. முதல் 15 நிமிடங்களுக்குள் குழிக்குள் போன பல்லுக்குத்தான் நல்ல வாய்ப்பு. டாக்சி கிடைத்து, கிளினிக் கதவு திறந்து, பதிவு முடிவதற்குள் அந்த 15 நிமிடங்கள் போயே போய்விடும். சற்றுக் கோணலாகச் செருகினாலும் பரவாயில்லை, பல் மருத்துவர் சரிசெய்துவிடுவார்.

பால் ஏன், தண்ணீர் ஏன் கூடாது? தண்ணீரில் உப்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. வேரில் ஒட்டியிருக்கும் உயிரணுக்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். பாலின் அடர்த்தியும் அமிலத்தன்மையும் உடலின் திரவத்துக்கு நெருக்கமானவை. சில மணி நேரம்வரை உயிரணுக்களைத் தாங்கும். நம் ஊரில் இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. காப்பிக்கடையில் ஓடிப்போய்ப் "பால் கொடுங்கள்" என்றால் கையில் வருவது தகர டப்பாவிலுள்ள சுண்டிய பாலோ இனிப்புச் சேர்த்த கெட்டிப் பாலோதான். இரண்டும் உதவாது. மைலோவும் சாக்லெட் பாலும் அப்படியே. பேரங்காடியிலோ முக்குக் கடையிலோ கிடைக்கும் சாதாரண வெள்ளைப் பால் பொட்டலம் வேண்டும். கொழுப்பு குறைந்ததாக இருந்தாலும் சரி. பால் கிடைக்கவே இல்லையென்றால், அடிபட்டவரின் எச்சிலைச் சிறு குவளையில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடலாம். டிஷ்யூ தாளில் சுற்றிப் பையில் வைப்பதுதான் மிக மோசமான வழி. துரதிர்ஷ்டவசமாக, பதற்றத்தில் பெரும்பாலோர் செய்வதும் அதைத்தான்.

ஒரு மணி நேரம் தாண்டிவிட்டதே என்று பல்லை வீசிவிடாதீர்கள். அப்போதும் பொருத்துவது உண்டு. சில ஆண்டுகள் அது இடத்தைப் பிடித்து வைத்திருந்தாலே, வளரும் பிள்ளையின் தாடையெலும்பு குறுகாமல் இருக்கும். பொருத்திய பல்லை மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு இணைத்துச் சுமார் இரண்டு வாரம் வைத்திருப்பார்கள். வேர் முழுதாக வளர்ந்த பல் என்றால் அந்த இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையும் தொடங்கிவிடும். மண்ணில் விழுந்த பல் என்றால், பிள்ளைக்கு டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்ற விவரத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை விழும்போது அருகில் இருக்கப்போவது பெரும்பாலும் பாட்டியோ பணிப்பெண்ணோதான். நீங்கள் படித்து வைத்துக்கொள்வதைவிட அவர்களிடம் சொல்லி வைப்பது பயன் தரும்.

உடைந்த பல், இடம் விலகிய பல்

உடைந்த துண்டு கிடைத்தால் அதையும் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துப்போங்கள். பல நேரங்களில் அதையே திரும்ப ஒட்டிவிட முடியும். துண்டு கிடைக்காவிட்டால் உதட்டைத் தொட்டுப் பாருங்கள், வீங்கிய உதட்டுக்குள் புதைந்திருக்கலாம். அங்கேயும் இல்லை, இருமல் நிற்கவில்லை என்றால் மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கக்கூடும். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

உடைந்த இடத்தின் நடுவில் இளஞ்சிவப்புப் புள்ளியோ இரத்தக் கசிவோ தெரிந்தால் பற்கூழ் வெளியே வந்துவிட்டது என்று பொருள். அன்றே பார்த்தால், குறிப்பாகச் சிறுவர்களில், கூழின் மேற்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு மீதியை உயிரோடு காப்பாற்றும் வாய்ப்பு அதிகம்.

இரவில் துடிக்கும் பல்

கையில் அடிபட்டால் கை வீங்குகிறது. வீங்க இடம் இருக்கிறது. பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. நான்கு பக்கமும் கடினமான சுவர். சொத்தை வழியாக உள்ளே போன கிருமிகளால் அழற்சி ஏற்படும்போது, உள்ளே அழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கிறது. படுத்தால் தலைக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இரவில் துடிப்பு அதிகம். தலையணையை உயர்த்திப் படுத்தால் சற்றுத் தணிவதும் அதனால்தான்.

வலியின் தன்மையிலிருந்து உள்ளே நடப்பதை ஓரளவு ஊகிக்கலாம். குளிர்ந்தது பட்டுக் கூசி, எடுத்ததும் நின்றுவிட்டால் கூழ் இன்னும் மீளும் நிலையில் இருக்கிறது. சொத்தைக் குழியை நிரப்பும் ஓர் அடைப்போடு (ஃபில்லிங்) முடியலாம். கூச்சம் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீடித்தால், சூடு பட்டு வலித்தால், ஒன்றும் படாமலே தூக்கத்தில் எழுப்பினால், கூழ் மீளாத நிலைக்குப் போய்விட்டது. அதன் பிறகு வேர் சிகிச்சை அல்லது பிடுங்குவது, இந்த இரண்டில் ஒன்றுதான்.

பலரும் ஏமாறும் கட்டம் அதற்கு அடுத்தது. சில நாள் உயிரை எடுத்த வலி, திடீரென்று ஒரு காலையில் காணாமல் போகும். குணமாகிவிட்டது என்று நினைத்து, எடுத்த முன்பதிவையும் ரத்து செய்துவிடுவார்கள். உண்மையில் நடந்தது நரம்பு செத்ததுதான். கிருமிகள் இப்போது தடையில்லாமல் வேர்நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ்க்கட்டியாகும். அடுத்த முறை வலி வரும்போது கன்னம் வீங்கியிருக்கும்.

காலைவரை தாக்குப்பிடிக்க:

1. பெரியவர்களுக்குப் பல்வலியில் நன்றாக வேலை செய்வது அழற்சியைக் குறைக்கும் ஐபுபுரூஃபன். உணவுக்குப் பிறகு 400 மில்லிகிராம். தேவைப்பட்டால் பாரசிட்டமாலையும் சேர்த்து எடுக்கலாம். பாரசிட்டமால் 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைகளிலும் அது கலந்திருக்கும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இரத்தம் உறையாமலிருக்க மருந்து, வலி மாத்திரையால் தூண்டப்படும் ஆஸ்துமா, கர்ப்பம், இவற்றில் ஏதாவது இருந்தால் ஐபுபுரூஃபன் வேண்டாம், மருந்தாளரைக் கேளுங்கள்.

3. காய்ச்சலும் சேர்ந்து இருந்தால் நம் ஊரில் டெங்கியையும் நினைக்க வேண்டும். டெங்கியில் ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் இரத்தக்கசிவை அதிகமாக்கும். சந்தேகம் தீரும்வரை பாரசிட்டமாலோடு நின்றுவிடுங்கள்.

4. மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்காதீர்கள். ஆஸ்பிரின் ஈறைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். வலி அப்படியே இருக்கும், புண் கூடுதல்.

5. கிராம்புத் தைலம் பாட்டி வைத்தியம் மட்டுமல்ல. அதிலுள்ள யூஜினால் என்ற பொருளைப் பல் மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். பஞ்சில் ஒரு துளி தொட்டு, பல்லின் குழியில் மட்டும் வைக்கலாம். ஈறில் வழிந்தால் எரிச்சல் தரும். சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

அடுத்து ஆன்டிபயாட்டிக். சிங்கப்பூரில் மருத்துவர் சீட்டு இல்லாமல் இது கிடைக்காது. ஆனால் ஊருக்குப் போனபோது வாங்கி வந்த மாத்திரை அட்டை ஒன்று பல வீடுகளின் மருந்துப் பெட்டியில் கிடக்கிறது. வீக்கமில்லாத பல்வலிக்கு அதனால் பலன் இல்லை. மருந்து இரத்தத்தின் வழியாகத்தான் போக முடியும். செத்த கூழுக்குள் இரத்த ஓட்டமே இல்லை. காய்ச்சலோ பரவும் வீக்கமோ இருக்கும்போது ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். அப்போதும் பல்லின் உள்ளே கிருமி குடியிருக்கும் இடத்தைச் சுத்தம் செய்தால்தான் நோய் தீரும்.

வீக்கத்துக்குத்தான் பயப்பட வேண்டும்

பல்லிலிருந்து புறப்படும் கிருமித்தொற்று எந்த வழியில் பரவும் என்பது, வேர்நுனி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழ்த்தாடையின் பின்பக்கக் கடைவாய்ப்பற்களின் வேர், நாக்கின் அடித்தளமாக இருக்கும் தசைக்கும் கீழே இறங்கியிருக்கும். அங்கே கட்டும் சீழ் வாய்க்குள் உடையாமல் தாடைக்கு அடியிலும் கழுத்திலும் பரவும். இரண்டு பக்கமும் பரவினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுப் பாதை அடைபடும். ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் 1836-ல் விவரித்ததால் இந்த நோய் இன்றும் அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முந்தைய காலத்தில் இது கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேல்தாடைக் கோரைப்பல்லின் தொற்றோ கண்ணுக்கு அருகில் ஏறும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் பல் மருத்துவரைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்:

1. வாயை இரண்டு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்க முடியவில்லை.
2. எச்சிலை விழுங்க முடியாமல் வழிகிறது.
3. நாக்கு தடித்ததுபோல் பேச்சு மாறுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது.
4. வீக்கம் கழுத்துக்கு இறங்குகிறது அல்லது கண் மூடும் அளவுக்கு ஏறுகிறது.
5. வீக்கத்தோடு நடுக்கமும் கடும் காய்ச்சலும் இருக்கின்றன.

நீரிழிவு உள்ளவர்கள் இந்தப் பட்டியலை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடலில் தொற்று வேகமாகப் பரவும். தொற்று வந்தால் சர்க்கரையும் எகிறும். சிங்கப்பூர் 2016-ல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. அந்த நோய் இங்குள்ள இந்தியர்களிடையே சீனர்களைவிட அதிகம் என்பது தெரிந்த செய்தி. ஆண்டுதோறும் கண்ணையும் காலையும் பரிசோதித்துக்கொள்கிறவர்கள் ஈறை மறந்துவிடுகிறார்கள்.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்துச் சீழை உடைக்கலாம் என்ற யோசனை வேண்டாம். சூடு வீக்கத்தைத் தோல்பக்கம் இழுத்துவிடும்.

பல் பிடுங்கிய பிறகு

எச்சிலில் இளஞ்சிவப்பாக ஒரு நாள் கசிவது இயல்பு. வாய் நிறைய இரத்தம் வந்தால், சுத்தமான துணியை நனைத்து மடித்து, குழியின் மேல் வைத்து 20 முதல் 30 நிமிடம் விடாமல் கடித்திருங்கள். நின்றுவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கொரு முறை எடுத்துப் பார்த்தால் உறைந்த இரத்தம் அதோடு வந்துவிடும். கொப்பளிப்பது, துப்புவது, உறிஞ்சுகுழலில் குடிப்பது, புகைப்பது எல்லாமே அந்த உறைவைக் கலைக்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதயத்துக்கோ மூளைக்கோ வரும் ஆபத்து பல் குழியிலிருந்து கசியும் இரத்தத்தைவிடப் பெரியது.

இரண்டு மூன்று நாள் கழித்து, குறைந்துவந்த வலி திடீரென்று காதுவரை ஏறி, வாயில் துர்நாற்றமும் இருந்தால் குழியில் உறைவு கலைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று பொருள். ஆபத்தில்லை. ஆனால் வலி கடுமையானது. பிடுங்கிய கிளினிக்குக்கே திரும்பப் போய் மருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழன்ற பல் உறையைப் பத்திரப்படுத்தி இரண்டொரு நாளில் போய் ஒட்டிக்கொள்ளலாம். வீட்டிலிருக்கும் சூப்பர் குளூவால் ஒட்டுபவர்கள் உண்டு. பிறகு அதைப் பிரித்தெடுக்கும் வேலை மருத்துவருக்குத்தான்.

வராமல் தடுப்பது

பல் துலக்குங்கள், இனிப்பைக் குறையுங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் விடுபடுகிறவை வேறு.

வாய்க்காப்பு உறை. ஹாக்கி, ரக்பி, சிலாட், குத்துச்சண்டை, கூடைப்பந்து ஆடும் பிள்ளைகளுக்கு இது காலணி அளவுக்கு அவசியம். வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும் வகை விளையாட்டுக் கடைகளிலேயே கிடைக்கும். மேல் முன்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கணிசமாகக் கூடுதல்.

கடினமானதைக் கடிப்பது. பாக்கு, பொங்கல் கரும்பு, கல்போன்ற சீடை, குளிர்பானத்தின் அடியில் மிஞ்சும் ஐஸ் கட்டி. பழுதில்லாத பல் இவற்றைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பெரிய அடைப்போ வேர் சிகிச்சையோ செய்த பல் மெலிந்துபோனது. செங்குத்தாகப் பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப்பல்லுக்கு உறை போடச் சொல்வது கிளினிக்கின் வியாபார உத்தி என்று நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

சொட்டுச் சொட்டாகக் குடிப்பது. ஒரு குவளை தே தாரேக்கைப் பத்து நிமிடத்தில் குடித்து முடிப்பவரைவிட, மேசையில் வைத்துக் காலை முழுதும் உறிஞ்சுபவரின் பல் அதிகம் கெடும். ஒவ்வொரு மிடறுக்கும் வாயில் அமிலம் புதிதாக உருவாகி எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் அதைச் சரிசெய்ய நேரமே கிடைப்பதில்லை. 2022 இறுதியில் பொட்டலப் பானங்களுக்கும் 2023 இறுதியில் கடைகளில் கலக்கும் பானங்களுக்கும் வந்த நியூட்ரி-கிரேட் தர முத்திரை, சர்க்கரை எவ்வளவு என்பதைக் காட்டும். எத்தனை முறை குடிக்கிறோம் என்பதை நாம்தான் எண்ண வேண்டும். இடையிடையே குடித்தே ஆகவேண்டும் என்பவர்கள் சர்க்கரை சேர்க்காத கோசோங்குக்கு மாறலாம்.

பற்பசையைத் துப்பிவிட்டு நிறுத்துவது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு. மக்கள் அனைவருக்கும் அது சேரும்படி ஆசியாவில் முதலில் செய்த நாடு இதுதான். பற்பசையின் ஃபுளோரைடு அதைவிடப் பல மடங்கு செறிவானது. துலக்கியதும் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் அது சாக்கடைக்குப் போகிறது.

எங்கே போவது?

1. மூச்சுத் திணறல், நிற்காத இரத்தப்போக்கு, மயக்கம்: 995.

2. பரவும் வீக்கம், தாடை முறிவு (மேல், கீழ்ப் பற்கள் முன்போல் பொருந்தாமை, கீழுதடு மரத்துப்போதல் ஆகியவை இதன் அறிகுறிகள்), முகத்தில் கிழிந்த காயம்: அரசாங்க மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. சிறுவர்களுக்குக் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை. சாதாரணப் பல்வலிக்கு அங்கே போனால் நூறு வெள்ளிக்கு மேல் கட்டி, நெடுநேரம் காத்திருந்து, வலி மாத்திரையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

3. விழுந்த, உடைந்த, விலகிய பல்: திறந்திருக்கும் எந்தப் பல் மருந்தகமாக இருந்தாலும் சரி, முதலில் தொலைபேசியில் அழைத்து "பல் வேரோடு விழுந்துவிட்டது, பாலில் இருக்கிறது" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். மற்ற நோயாளிகளை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கடைத்தொகுதிகளிலுள்ள சில மருந்தகங்கள் மாலையிலும் ஞாயிறன்றும் இயங்குகின்றன. சீனப் புத்தாண்டின்போது பெரும்பாலானவை மூடியிருக்கும். ஒன்றும் கிடைக்காவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

4. வீக்கமில்லாத வலி: மறுநாள் பல் மருந்தகம். இரவில் 24 மணி நேரப் பொது கிளினிக் வலியைத் தணிக்க உதவும், பல்லைத் தொடாது.

5. பலதுறை மருந்தகப் பல் சிகிச்சை: கட்டணம் குறைவு, முன்பதிவுக்குக் காத்திருப்பு அதிகம், ஞாயிறு விடுமுறை. வழக்கமான பரிசோதனைக்கு ஏற்றது. ஊட்ரமிலுள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்தில் மானியக் கட்டணத்தில் நிபுணரைப் பார்க்க, பலதுறை மருந்தகத்திலிருந்தோ சாஸ் (சமூகச் சுகாதார உதவித் திட்டம்) பல் மருந்தகத்திலிருந்தோ பரிந்துரைக் கடிதம் வேண்டும்.

பணம்

தனியார் மருந்தகத்தில் கடைவாய்ப்பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சையும் உறையும் செய்தால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். அதே பல்லை ஓராண்டு முன்பு பார்த்திருந்தால் அடைப்புக்கு அதில் சிறு பகுதிதான் ஆகியிருக்கும். நீல, ஆரஞ்சு நிறச் சாஸ் அட்டை வைத்திருப்போருக்கும் முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினருக்கும் சாஸ் மருந்தகங்களில் பல் சிகிச்சைக்கு மானியம் உண்டு. மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பொதுவாக ஞானப்பல் அறுவை போன்ற அறுவை சிகிச்சைகளுக்கே பயன்படுத்தலாம். மூத்தோருக்கான ஃபிளெக்ஸி-மெடிசேவைக் குறிப்பிட்ட சில பல் சிகிச்சைகளுக்கும் நீட்டிக்கப்போவதாகச் சுகாதார அமைச்சு 2025-ல் அறிவித்தது. எனவே 60 வயதை எட்டியவர்கள் சிகிச்சைக்கு முன்பே மருந்தகத்தில் விசாரிப்பது நல்லது.

செலவைக் குறைக்க ஜொகூருக்குப் போகிறவர்கள் ஏராளம். திட்டமிட்ட சிகிச்சைக்கு அதில் தவறில்லை. ஆனால் பாதியில் நிற்கும் வேர் சிகிச்சையோடு திரும்பி வந்து இரவில் வீங்கினால், இங்குள்ள மருத்துவருக்கு உள்ளே என்ன செய்திருக்கிறது என்று தெரியாது. எக்ஸ்ரே படத்தையும் சிகிச்சைக் குறிப்பையும் கைப்பேசியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையிடத்தில் பல் உடைந்தால் அது வேலையிடக் காயம்தான். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் வரும் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகள் பலர், கையோ காலோ முறிந்தால் மட்டுமே மேற்பார்வையாளரிடம் சொல்கிறார்கள், பல்லுக்குச் சொல்வதில்லை. அன்றே தெரிவித்து, முதலில் பார்க்கும் மருத்துவரின் அறிக்கையில் எந்தப் பல் உடைந்தது, எந்தப் பல் ஆடுகிறது என்று எழுதி வாங்கிவிட வேண்டும். அடிபட்ட பல் நிறம் மாறிச் செத்துப்போவது சில மாதங்கள் கழித்தும் நடக்கும். அப்போது விபத்தோடு அதைத் தொடர்புபடுத்திக் காட்ட அந்த அறிக்கை கையில் இருக்க வேண்டும்.